பள்ளி நூலகப் புத்தகத்தை எடுத்துவிடச் சொன்னால், எழுதித் தரச் சொல்லுங்கள்

கோத்தகிரிப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நூலகப் பொறுப்பு பார்க்கும் டீச்சர் ஒருவர் கேட்டிருக்கிறார். எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி ஒரு சிறுவர் நாவலை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறாள். கதையில் ஒரு சிறுமி வயதுக்கு வருகிறாள், வீட்டில் அவளைத் தனியாக உட்காரவைக்கிறார்கள், ஏன் என்று அவள் கேட்கிறாள். புத்தகம் எடுத்துப் போன பிள்ளையின் அப்பா அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் நாலைந்து பேர் பள்ளிக்கு வந்து சத்தம் போட்டிருக்கிறார்கள். தலைமையாசிரியர், "எதுக்கு வம்பு, எடுத்து உள்ளே வெச்சிடுங்க டீச்சர்" என்கிறார். இது தடை செய்யப்பட்ட புத்தகமா? எடுக்கச் சொல்ல இவர்களுக்கு அதிகாரம் உண்டா? அமெரிக்காவில் பள்ளி நூலகங்களில் புத்தகங்களைத் தடை செய்வதாகச் செய்தி வருகிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

நான் நீலகிரியில் குந்தா, கூடலூர்ப் பக்கப் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்து, கூடவே நூலகப் பொறுப்பும் பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் சட்டம். குழுவில் ஒருவர் "இது தடை பண்ணின புக்கு" என்று எழுதினால் சாயங்காலத்துக்குள் ஊரே அப்படிச் சொல்ல ஆரம்பித்துவிடும். தடை என்பது அவ்வளவு லேசாக வருவதில்லை. ஒரு நூலைப் பறிமுதல் செய்ய மாநில அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும். முன்பு குற்ற நடைமுறைச் சட்டத்தின் 95ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98ஆம் பிரிவு. எந்தக் குற்றத்துக்குள் அந்த நூல் வருகிறது, அப்படிக் கருதக் காரணம் என்ன என்பதை அந்த அறிவிக்கையிலேயே சொல்லியாக வேண்டும். பாதிக்கப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம், மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு அமர்வு விசாரிக்கும். தலைமையாசிரியரோ, பெற்றோரோ, கவுன்சிலரோ இதில் எங்கும் வரமாட்டார்கள்.

"காரணம் சொல்ல வேண்டும்" என்பதைச் சும்மா சடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். பெரியார் ராமாயணத்தைப் பற்றி எழுதிய நூலின் இந்தி மொழிபெயர்ப்பை லலாய் சிங் யாதவ் வெளியிட்டபோது, 1969இல் உத்தரப் பிரதேச அரசு அதைப் பறிமுதல் செய்தது. 1971இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது, 1976இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நூல் நல்லதா கெட்டதா என்பதில் வழக்கு நிற்கவில்லை. அரசு தன் கருத்துக்கான காரணங்களை ஆணையில் எழுதவில்லை, அதிலேயே ஆணை விழுந்தது. சல்மான் ருஷ்டி விஷயம் இன்னும் வேடிக்கை. அவருடைய நாவலை இறக்குமதி செய்யக் கூடாது என்று 1988இல் தடை வந்தது நமக்கெல்லாம் தெரியும். அந்த அறிவிக்கையைக் காட்டுங்கள் என்று ஒருவர் வழக்குப் போட்டபோது எந்த அலுவலகத்தாலும் அதை எடுத்துக் காட்ட முடியவில்லை. அப்படி ஒன்று இல்லை என்றுதான் கொள்ள வேண்டும் என்று 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. முப்பத்தாறு வருஷம்!

ஆபாசம் என்று சொல்வார்கள், அதற்கும் பதில் இருக்கிறது. ஆபாச நூலைப் பற்றிய சட்டப் பிரிவிலேயே அறிவியல், இலக்கியம், கலை, கல்விக்காக உள்ளவற்றுக்கு விலக்கு உண்டு. 1956இல் வந்த, இளைஞர்களுக்குத் தீங்கு தரும் வெளியீடுகள் பற்றிய ஒரு மத்தியச் சட்டமும் இருக்கிறது. இருபது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கானது. அது குற்றத்தையும் கொடூரத்தையும் காட்டிப் பிள்ளைகளைக் கெடுக்கும் வெளியீடுகளைப் பற்றியது. அதிலும்கூட நூலை முழுதாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அல்ல. மாதவிடாய் இந்த இரண்டுக்குள்ளும் வராது. எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே வளரிளம் பருவம் பற்றித் தனிப் பாடம் இருக்கிறது. புதுயுகம் திட்டத்தில் பத்து வயதுப் பெண்பிள்ளைக்கே அரசு இலவச நாப்கின் கொடுக்கிறது. நாப்கினைப் பள்ளியில் கையில் கொடுக்கலாம், அது எதற்கு என்று கேட்கும் கதையைக் கொடுக்கக் கூடாதா? இதை வந்தவர்களிடம் சண்டையாகச் சொல்லாமல் கேள்வியாகவே கேளுங்கள். அம்மாக்கள் இருந்தால் பாதிப் பேர் தலையாட்டிவிடுவார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அதிகாரம் இல்லையா என்றால், உண்டு. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 21ஆம் பிரிவுப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். பள்ளி நடப்பதைக் கண்காணிக்கலாம், வளர்ச்சித் திட்டம் போடலாம், வந்த நிதி எப்படிச் செலவாகிறது என்று கேட்கலாம். புத்தகத்தை எடு, வை என்று சொல்லும் வேலை அதில் இல்லை. அதே சட்டத்தின் அட்டவணையில், ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், பருவ இதழ், கதைப் புத்தகம் உட்பட எல்லாப் பாடங்களுக்கும் நூல்கள் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கதைப் புத்தகம் என்று தனியாகச் சொல்லியிருக்கிறார்கள், கவனியுங்கள்.

தலைமையாசிரியர் விஷயம் வேறு. எந்த வகுப்புக்கு எந்தப் புத்தகம் என்று முடிவு செய்வது பள்ளியின் வேலைதான், அதையெல்லாம் தணிக்கை என்று நான் சொல்ல மாட்டேன். பத்தாம் வகுப்புக்கு உரியதை மூன்றாம் வகுப்புப் பையன் கையில் கொடுக்காமல் இருப்பது ஆசிரியரின் புத்தி. ஆனால் அவர் முடிவு செய்திருந்தால் அது அவர் கையெழுத்தில் இருக்க வேண்டும். உங்கள் பள்ளியில் அவர் முடிவு செய்யவில்லை. வம்பு வேண்டாம் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார்.

நம் ஊரில் பெரும்பாலான புத்தகங்கள் போவது இப்படித்தான். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் பெருமாள்முருகனை அதிகாரிகள் அமைதிப் பேச்சுக்கு என்று கூப்பிட்டு உட்காரவைத்து, 'மாதொருபாகன்' நாவலைத் திரும்பப் பெறுவதாக எழுதி வாங்கினார்கள். அரசு தடை எதுவும் போடவில்லை. அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலையில் சொல்லும்வரை ஒன்றரை வருஷம் அவர் எழுதாமல் இருந்தார். பேர்பெற்ற எழுத்தாளருக்கே அந்த நிலை என்றால், பீரோவில் இருக்கும் ஒரு சிறுவர் நாவலுக்காக யார் கோர்ட்டுக்குப் போவார்கள்?

அமெரிக்காவோடு ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே 2023-24 கல்வியாண்டில் மட்டும் பள்ளிகளில் புத்தகத்தை எடுத்ததும் கட்டுப்படுத்தியதுமாகப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட நிகழ்வுகளைப் பென் அமெரிக்கா என்ற எழுத்தாளர் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. படித்தால் வயிறு எரியும். ஆனால் அப்படி எண்ண முடிகிறது என்றால் அங்கே யாராவது ஒரு கூட்டத்தில் பேசி, ஓட்டெடுத்து, பதிவு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் ஒரு கல்வி வாரியம் 1976இல் ஒன்பது புத்தகங்களை நூலகத்திலிருந்து எடுத்தது. பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்த குழுவை வாரியமே போட்டது, சிலவற்றைத் திருப்பி வையுங்கள் என்று குழு சொன்னதை வாரியமே பெரும்பாலும் தள்ளிவிட்டது. ஸ்டீவன் பிகோ என்ற மாணவரும் இன்னும் சிலரும் வழக்குப் போட்டார்கள். 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று பிரிந்து, கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் நூலகத்திலிருந்து எடுக்க முடியாது என்ற பக்கம் சாய்ந்தது. ஐந்து பேரும் ஒரே காரணத்தைச் சொல்லவில்லை, அதனால் அந்தத் தீர்ப்பின் பலம் என்ன என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது. இருந்தாலும் அந்தப் பிள்ளைகளிடம் எந்தெந்தப் புத்தகம், யார் எடுத்தார், என்றைக்கு எடுத்தார் என்ற விவரம் இருந்தது. நம் பள்ளியில் ஒரு பிள்ளை போய்க் கேட்டால், "அந்தப் புக்கு வெளியே போயிருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுவோம்.

இப்போது பீரோ.

நம் மலைப் பள்ளிகளில் நூலகம் என்பது பெரும்பாலும் ஓர் இரும்பு பீரோதான். தலைமையாசிரியர் அறையில், விளையாட்டுச் சாமான்களுக்கும் பழைய விடைத்தாள் கட்டுக்கும் நடுவில் நிற்கும். சாவி அவருடைய கொத்தில் இருக்கும். நூலகர் என்று தனி ஆள் கிடையாது, உங்களைப் போல ஓர் ஆசிரியர் பாடத்தோடு சேர்த்துப் பார்த்துக்கொள்வார். சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டம் மூலம் பள்ளியின் நிலைக்கு ஏற்ப வருஷத்துக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலகத்துக்கு ஒதுக்குகிறார்கள், புத்தகமும் வருகிறது. பட்டியல் பெரும்பாலும் மேலேயே முடிவாகிவிடும். வந்ததை எண்ணி, எண் போட்டு, வரவுப் பதிவேட்டில் ஏற்றி, உள்ளே வைத்துப் பூட்டுவோம்.

ஏன் பூட்டுகிறோம்? பிள்ளை கிழித்துவிட்டால், தொலைத்துவிட்டால், பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் இருப்பு குறையும், அந்தப் பணத்தை நாம் கட்ட வேண்டுமே என்ற பயம். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூனில் பிடிக்கும் மழை லேசில் விடாது. மூன்று மாதம் திறக்காத பீரோவை ஆகஸ்ட் கடைசியில் ஒரு தடவை திறந்து பாருங்கள். பாச்சை உருண்டை நெடியும் ஈரத் துணி நாற்றமும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். மேல் தட்டில் அட்டைகள் முழுக்கச் சாம்பல் பச்சையில் பூசணம், பளபளப்புத் தாளில் அச்சடித்த படப் புத்தகங்களில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் யானையின் பாதி முகம் எதிர்ப்பக்கத்தோடு போகும். கையில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்த நாலு புத்தகம் மட்டும் ஓரம் மடங்கி, அழுக்காகி, ஆனால் சுத்தமாக இருக்கும், ஏனென்றால் அதற்குக் காற்று கிடைத்தது. எந்தப் பெற்றோரும் எதிர்க்காமல், எந்த அரசும் தடுக்காமல், ஒரு பள்ளியில் முந்நூறு புத்தகம் பிள்ளைகள் கைக்குப் போகாமலே முடிந்துபோவதைப் பார்த்தவன் நான். உங்கள் கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. அதற்கு முன்னால் பீரோவைத் திறந்து வைத்துவிடுங்கள்.

தொலைந்தால் கட்ட வேண்டும் என்ற பயத்துக்கு ஒரு மருந்து சொல்கிறேன். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல், வழங்கிய ஆயிரம் நூலுக்கு ஐந்து நூல் வருஷத்தில் தொலைவது இயல்பான இழப்பு என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், கவனக்குறைவோ நேர்மையின்மையோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அது மத்திய அலுவலகங்களுக்கான விதி, நம் பள்ளியை நேராகக் கட்டுப்படுத்தாது. ஆனால் தணிக்கைக்கு வருபவரிடம் எடுத்துக் காட்ட நல்ல காகிதம்.

(வெளியாகும் முன்பே நடக்கும் தணிக்கை ஒன்றும் உண்டு. பதிப்பகக்காரர்களிடம் பேசினால் தெரியும். லைப்ரரி ஆர்டர் கிடைக்குமா என்று யோசித்தே சில வரிகள் அச்சுக்குப் போகாமல் நின்றுவிடும். அது தனிக் கதை.)

மறைத்தால் பிள்ளைகள் படிக்க மாட்டார்கள் என்று நம்புகிறவர்களுக்கு 2011ஐ ஞாபகப்படுத்துவேன். ஆட்சி மாறியது, சமச்சீர்க் கல்விப் புத்தகங்களை நிறுத்திவைத்தார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் ஆகஸ்டில்தான் புத்தகம் பிள்ளைகள் கைக்கு வந்தது. வந்தபோது முந்தைய முதல்வர் சம்பந்தப்பட்ட பகுதிகளின் மேல் தாள் ஒட்டியிருந்தது. பாடத்தில் வேறு எந்தப் பக்கத்துக்கும் கிடைக்காத மரியாதை அந்தப் பக்கத்துக்குக் கிடைத்தது. மேகம் விலகி வெயில் வந்தால் போதும், பையன்கள் ஜன்னலுக்கு ஓடி, தாளைக் கண்ணாடியில் ஒட்டப் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். வகுப்பில் எழுந்து நின்று ஒரு பத்தி வாசிக்கத் திணறுகிற பையன்கூட அதைப் படித்துவிட்டான்.

இதில் நாம் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம் என்று பிரிக்கவும் முடியாது. சுதந்திரம் வந்த அடுத்த வருஷமே புலவர் குழந்தையின் 'இராவண காவிய'த்தைத் தடை செய்தது காங்கிரஸ் அரசு, 1971இல் திமுக ஆட்சியில்தான் அது நீங்கியது. அதே திராவிடக் கட்சிகள்தான் 2012இல், இந்தி எதிர்ப்பு மாணவர்களைக் கேலி செய்கிறது என்று சொல்லி என்சிஇஆர்டி பாடநூலில் இருந்த ஆர்.கே. லட்சுமணின் கேலிச்சித்திரத்தை எடுக்கச் சொன்னார்கள். மாவோயிஸ்டுகள் இருந்த காட்டுக்குப் போய் அருந்ததி ராய் எழுதிய நூலை, மாணவர் அமைப்பு ஒன்று எதிர்த்ததும் 2020இல் திருநெல்வேலிப் பல்கலைக்கழகம் பாடத்திலிருந்து எடுத்தது. அந்த இடத்தில் காட்டுயிர்களைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணனைப் போட்டார்கள். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் இப்படியா அவர் உள்ளே வர வேண்டும்?

சரி, அப்படியானால் எந்தப் புத்தகத்தையும் எடுக்கவே கூடாதா? இங்கேதான் எனக்கே எளிதான பதில் இல்லை. கூடலூர்ப் பக்கப் பள்ளியில் ஒரு பழைய கதைத் தொகுப்பு இருந்தது. அதில் காட்டில் வாழ்கிறவர்கள் என்றால் இலையைக் கட்டிக்கொண்டு, பச்சை மாமிசம் தின்று, ஊருக்குள் வந்தவனைப் பிடித்துக் கட்டிவைத்து ஆடுகிறவர்கள். என் வகுப்பில் பழங்குடிகளான பணியர் பிள்ளைகள், காட்டுநாயக்கர் பிள்ளைகள், இலங்கையிலிருந்து திரும்பிவந்த குடும்பத்துப் பிள்ளைகள், மலையாளம் பேசும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பெஞ்சில். அந்தப் புத்தகம் ஒரு நாள் திரும்பி வந்தபோது, இலை கட்டிய ஆளின் படத்தை யாரோ நீலப் பேனாவால் கிறுக்கிக் கிறுக்கித் தாளையே ஓட்டை போட்டிருந்தார்கள். யார் என்று நான் கேட்கவில்லை, தெரிந்தும் இருந்தது.

அந்தப் புத்தகத்தைச் சின்ன வகுப்புகளுக்குக் கொடுப்பதை நிறுத்தினேன். ஒரு பிரதியை ஒன்பதாம் வகுப்பில் எடுத்துப் போய், இதை எழுதியவர் காட்டுக்கு எப்போதாவது வந்திருப்பாரா என்று கேட்டுப் பேசவைத்தேன். இதுவும் தணிக்கைதானே என்றால், ஓரளவுக்கு ஆமாம். ஆனால் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே தேதி போட்டு, காரணம் எழுதி, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கி வைத்தேன். எனக்குப் பின்னால் வருபவருக்கு அது தவறு என்று தோன்றினால் மாற்றிக்கொள்ளலாம். பிள்ளையை அவன் பிறப்புக்காக அவமானப்படுத்தும் வரியும், பெரியவர்களுக்குக் கூச்சம் தரும் வரியும் ஒன்றில்லை என்பது என் அபிப்பிராயம். இந்தக் கோட்டை எல்லாரும் ஒரே இடத்தில் போட மாட்டார்கள் என்பதும் தெரியும், அதனால்தான் எழுதிவையுங்கள் என்கிறேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது.

தலைமையாசிரியரிடம் கருத்துச் சுதந்திரம் பேசாதீர்கள். பதிவேட்டைப் பேசுங்கள். "சார், இந்தப் புத்தகம் வரவுப் பதிவேட்டில் இந்த எண்ணில் இருக்கிறது. எடுத்துவிட்டால் நாளைக்கு ஆடிட்டில் இருப்பு குறையும். நீக்கச் சொல்லி ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், நீக்கிவிடுகிறேன்." நான் பார்த்தவரை பாதித் தலைமையாசிரியர்கள் இந்த இடத்தில், "சரி விடுங்க, இருந்துட்டுப் போகட்டும்" என்பார்கள். யாருக்கும் கையெழுத்துப் போடப் பிடிக்காது.

வந்த பெற்றோருக்கும் அதே மருந்து. ஒரு தாளில் நாலு கேள்வி எழுதி வையுங்கள்: புத்தகத்தின் பெயர் என்ன, முழுதாகப் படித்தீர்களா, எந்தப் பக்கத்தில் என்ன சிக்கல், என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு மூன்று வழி காட்டுங்கள்: என் பிள்ளைக்கு மட்டும் வேண்டாம், பெரிய வகுப்புக்கு மாற்றுங்கள், எல்லாருக்கும் வேண்டாம். அமெரிக்க நூலகங்களில் இப்படி ஒரு படிவம் ரொம்ப காலமாக இருக்கிறது, நாம் எடுத்துக்கொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது. முதல் வழியை யார் கேட்டாலும் ஒப்புக்கொள்ளுங்கள். தன் பிள்ளை எதைப் படிக்க வேண்டும் என்று சொல்ல அப்பாவுக்கு உரிமை உண்டு. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்லத்தான் உரிமை இல்லை.

மூன்றாவது வழியைப் பிடித்துக்கொண்டு நின்றால், தமிழ், அறிவியல் ஆசிரியர்கள், மேலாண்மைக் குழுவில் இரண்டு அம்மாக்கள், முடிந்தால் கிராம சுகாதார செவிலியர் என்று ஐந்தாறு பேரை உட்காரவைத்துப் புத்தகத்தை முழுதாகப் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள். செவிலியரை விட்டுவிடாதீர்கள், அவர் சொன்னால் ஊர் கேட்கும். அதுவரை புத்தகம் தட்டிலேயே இருக்கட்டும். "விசாரணை முடியட்டும்" என்று உள்ளே போன புத்தகம் வெளியே வராது.

முகநூலில் மட்டும் எழுதிவிடாதீர்கள். நீங்கள் அரசு ஊழியர், 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இருக்கின்றன, விஷயம் புத்தகத்திலிருந்து உங்கள் மேல் திரும்பிவிடும். ஊரில் யாருக்காவது அக்கறை இருந்தால், எந்த ஆணைப்படி இந்தப் புத்தகம் நீக்கப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் அவர்கள் கேட்கலாம். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும், ஆணையே இல்லை என்றால் அதையும் எழுதித்தான் சொல்ல வேண்டும்.

தலைமையாசிரியர் கையெழுத்தே போட்டுக் கொடுத்துவிட்டால் கீழ்ப்படியுங்கள். பதிவேட்டில் ஆணையின் தேதியோடு குறித்து, ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கிளை நூலகத்தில் அதே நாவல் இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் பெண்பிள்ளைகளை அங்கே உறுப்பினராகச் சேர்த்துவிடலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வாட்ஸ்அப்பில் போட்ட அந்த அப்பாவிடமே புத்தகத்தைக் கொடுத்து, வழங்கல் பதிவேட்டில் அவர் பெயரை எழுதி, ஒரு வாரத்தில் படித்துவிட்டுத் தரச் சொல்லுங்கள். படித்த பிறகும் வேண்டாம் என்றால் அவர் மகள் பெயருக்கு எதிரே குறித்துவிட்டு, மற்ற பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.